3.5 பதிப்பின் ரூல்ஸ் காம்பெண்டியத்தை இப்போது காசு கொடுத்து வாங்கலாமா?

நிலவறைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குழு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டத்தை இன்றும் 3.5 பதிப்பில்தான் ஆடுகிறது. டிஎம் (டன்ஜன் மாஸ்டர், ஆட்டத்தை நடத்தித் தீர்ப்புச் சொல்பவர்) பொறுப்பு என்னுடையது. பதிப்பை மாற்றும் எண்ணம் எங்களில் யாருக்கும் இல்லை என்பதால், இந்தப் பதிப்புக்குள் நின்றே யோசனை சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இந்த ஆட்டத்தின் நூல்களை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 2007 அக்டோபரில் வெளியிட்ட ரூல்ஸ் காம்பெண்டியம் என்ற 160 பக்கக் கெட்டி அட்டைப் புத்தகத்தைப் பற்றியது என் கேள்வி. பாத்திர வகுப்புகள், மந்திரங்கள், அரக்கர்கள் என்று எதையும் அதில் தரவில்லை. பல புத்தகங்களில் சிதறிக் கிடந்த விதிகளை ஒன்றுதிரட்டி, தெளிவுபடுத்தி, அகரவரிசையில் அடுக்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். பிளேயர்ஸ் ஹேண்ட்புக், டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு, மான்ஸ்டர் மேனுவல் என்ற மூன்று அடிப்படைப் புத்தகங்களும் என்னிடம் உள்ளன. அவற்றுடன் கம்ப்ளீட் ஆர்கேன், மேஜிக் ஐட்டம் காம்பெண்டியம் ஆகிய இரண்டு துணைநூல்களையும் பயன்படுத்துகிறோம். கையில் ஏற்கெனவே இருக்கும் விதிகளுக்கு இன்னொரு முறை விலை கொடுக்கத்தான் வேண்டுமா என்பது என் தயக்கம். பழைய பிரதியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும் சேர்ந்துகொள்ளும்.

எங்கள் மேசையில் அண்மையில் எழுந்த இரண்டு விவாதங்களைச் சொன்னால் என் தேவை விளங்கும்.

முதலாவது, ஒரு மந்திரத்தை வழக்கத்தைவிட விரைவாக ஏவ உதவும் குவிக்கன் ஸ்பெல் பற்றியது. ஒன்பதாம் நிலை விஸார்டாக (மந்திரவாதியாக) ஆடும் நண்பர், குவிக்கன் செய்த மேஜிக் மிஸைல் மந்திரம் ஒன்றை எறிந்து, சுற்றுக்கு ஒரு முறை கிடைக்கும் வழக்கமான முதன்மைச் செயலான ஸ்டாண்டர்ட் ஆக்‌ஷனில் இன்னொரு மந்திரத்தையும் ஏவிவிட்டு, அதே சுற்றில் பெல்ட் ஆஃப் பேட்டில் என்ற மாயக் கச்சையின் இரண்டு சார்ஜ்களைச் செலவழித்து மேலும் ஒரு ஸ்டாண்டர்ட் ஆக்‌ஷன் பெற்று மூன்றாவது மந்திரத்தையும் ஏவலாம் என்றார். பெல்ட்டை இயக்குவது, சுற்றுக்கு ஒன்று மட்டுமே செய்யக்கூடிய ஸ்விஃப்ட் ஆக்‌ஷன், பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின்படி குவிக்கன் மந்திரம் அந்த வரம்பு இல்லாத ஃப்ரீ ஆக்‌ஷன், ஆகவே இரண்டும் மோதவில்லை என்பது அவர் வாதம். கம்ப்ளீட் ஆர்கேனோ குவிக்கன் மந்திரத்தையும் ஸ்விஃப்ட் ஆக்‌ஷன் என்கிறது. அப்படியானால் சுற்றுக்கு ஒரு ஸ்விஃப்ட் ஆக்‌ஷன்தான் என்பதால், பெல்ட் அல்லது குவிக்கன், இரண்டில் ஒன்றைத்தான் அவர் தேர்ந்தெடுக்க முடியும்.

இரண்டாவது, எதிரியைக் கட்டிப்பிடித்து மடக்கும் கிராப்பிள். அதே விஸார்டைப் பத்தடி தொலைவிலிருந்து ஒரு ஹில் ஜயன்ட் (மலை ராட்சதன்) பிடிக்க முயன்றபோது, யாருக்கெல்லாம் அட்டாக் ஆஃப் ஆப்பர்சூனிட்டி (எதிரி இடம்கொடுக்கும் நொடியில் கிடைக்கும் கூடுதல் அடி) உண்டு என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து எழுந்தது. நான் ஒரு தீர்ப்பைச் சொல்லி ஆட்டத்தைத் தொடர்ந்தேன். ஆனால் அந்தத் தீர்ப்பு விதிநூலிலிருந்து வரவில்லை, டிஎம் என்ற முறையில் எனக்குள்ள அதிகாரத்திலிருந்து வந்தது என்பதை எல்லோரும் உணர்ந்திருந்தார்கள்.

இப்படிப்பட்ட தகராறுகளை அந்தப் புத்தகம் உண்மையிலேயே தீர்த்துவைக்குமா? வைத்திருப்பவர்கள் தயவுசெய்து விரிவாகச் சொல்லுங்கள்.


கோட்டைமதில் எழுதியது:

வணக்கம். இந்தப் புத்தகம் பல ஆண்டுகளாக என் டிஎம் திரைக்குப் பின்னால் இருக்கிறது, 3.5 ஆடும் நாட்களில் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கைவிட இதைத்தான் அதிகம் புரட்டுகிறேன். வாங்கலாம் என்பதே என் விடை. ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு விவாதங்களும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் புத்தகம் இரண்டுக்கும் செய்யும் உதவி வேறு வேறு.

குவிக்கன் விவகாரம் உண்மையான முரண்பாடு. 3.5 பதிப்பின் அடிப்படைப் புத்தகங்கள் 2003இல் வந்தபோது ஸ்விஃப்ட் ஆக்‌ஷன், இமீடியட் ஆக்‌ஷன் (மற்றவர் முறையிலும் செய்யக்கூடியது) என்ற இரண்டு வகைகளும் அவற்றில் இல்லை. அடுத்தடுத்து வந்த துணைநூல்களில்தான் அவை இடம்பெறத் தொடங்கின. 2004இல் வந்த எக்ஸ்பாண்டட் சையானிக்ஸ் ஹேண்ட்புக்கிலும் கம்ப்ளீட் ஆர்கேனிலும் அவை உள்ளன. அதற்குப் பிறகு வந்த துணைநூல்கள் பலவும் அவற்றை ஆட்டத்தின் இயல்பான பகுதியாகவே கருதி மந்திரங்களையும் பொருட்களையும் வகுத்தன. அடிப்படைப் புத்தகத்தில் இல்லாத ஒன்று ஆட்டத்தின் நடுநாயகமாக ஆகிவிட்டது. காம்பெண்டியத்தின் முதன்மையான பயன் இங்கேதான். எல்லா வகை ஆக்‌ஷன்களையும் ஒரே பகுதியில், ஒரே நடையில், ஒன்றோடொன்று பொருத்தி எழுதியிருக்கிறார்கள். குவிக்கன் மந்திரம் அதன்படி ஸ்விஃப்ட் ஆக்‌ஷன். ஆகவே உங்கள் விஸார்டுக்கு ஒரு சுற்றில் இரண்டு மந்திரங்கள்தான், மூன்று இல்லை.

இதன் தொடர்விளைவு ஒன்றையும் கவனியுங்கள். தன் முறை வராதபோது ஒருவர் இமீடியட் ஆக்‌ஷன் செய்தால், அடுத்து வரும் அவருடைய முறைக்கான ஸ்விஃப்ட் ஆக்‌ஷன் செலவாகிவிட்டதாகக் கணக்கு. குவிக்கன் மந்திரமும் ஸ்விஃப்ட் என்று ஆனபின், எதிரியின் முறையில் தற்காப்புக்காக இமீடியட் மந்திரம் ஒன்றை ஏவிய விஸார்ட் தன் அடுத்த முறையில் குவிக்கன் செய்ய முடியாது. உயர்ந்த நிலைகளில் மந்திரவாதிகளைச் சற்றேனும் கட்டுக்குள் வைக்கும் விதி இது. ஹேண்ட்புக்கை மட்டும் வைத்து ஆடும் மேசைகளில் இந்தக் கடிவாளம் இருக்காது.

கிராப்பிள் விவாதத்தில் விதிகளுக்கு இடையே முரண்பாடு எதுவும் இல்லை. தேவையான எல்லாமே பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் 155ஆம் பக்கம் தொடங்கி எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் ஆட்டத்தின் நடுவே அதைத் தேடிப் பிடித்துப் படிப்பது கடினம். உங்கள் ஹில் ஜயன்டையே எடுத்துக்கொள்வோம். அடித்த கையோடு பிடித்துக்கொள்ளும் இம்ப்ரூவ்ட் கிராப் திறன் அதற்குக் கிடையாது. எனவே பிடிக்க முயலும்போது முதல் படியிலேயே இலக்கானவருக்கு அட்டாக் ஆஃப் ஆப்பர்சூனிட்டி உண்டு. அந்த அடியில் காயம் பட்டால் முயற்சியே தோற்றுப்போகும். ஆனால் பத்தடி தொலைவில் நிற்கும் ஜயன்டை, கையில் குவார்ட்டர்ஸ்டாஃப் வைத்திருக்கும் விஸார்டால் எட்ட முடியாது, அவருடைய எல்லை ஐந்தடிதான். ஆகவே அவருக்கு அந்த வாய்ப்பு நடைமுறையில் கிடைக்காது. அடுத்து டச் அட்டாக் (கவசத்தைப் பொருட்படுத்தாமல் தொட்டாலே போதும்), அதற்கடுத்து எதிரெதிர் கிராப்பிள் சோதனை. உருட்டும் பகடை எண்ணோடு ஜயன்டுக்கு +20 சேரும்: அடிப்படைத் தாக்குதல் எண்ணான பேஸ் அட்டாக் போனஸ் 9, வலிமைக்கு 7, உருவத்துக்கு 4. சாதாரண உடல்வலிமை உள்ள ஒன்பதாம் நிலை விஸார்டுக்கு +4. நூறு முறை முயன்றால் இரண்டு முறைகூட விஸார்ட் வெல்ல மாட்டார். பிடித்தபின் பிடியைத் தக்கவைக்க ஜயன்ட் இலக்கின் கட்டத்துக்குள் நகர வேண்டும். அந்த நகர்வுக்கு, பிடிபட்டவரைத் தவிர, அருகில் நின்று ஜயன்டை அச்சுறுத்தும் மற்றவர்களுக்கு வழக்கம்போல அட்டாக் ஆஃப் ஆப்பர்சூனிட்டி உண்டு. உங்கள் மேசையில் ஃபைட்டர் ஒருவர் ஜயன்டின் பக்கத்தில் நின்றிருந்தால் அவர் அடித்திருக்கலாம்.

பிடிபட்ட பின்னும் வழி இருக்கிறது. உடலசைவு தேவைப்படாத மந்திரத்தை, 20உடன் மந்திரத்தின் நிலையையும் கூட்டிய கான்சன்ட்ரேஷன் (மன ஒருமை) சோதனையில் தேறினால் ஏவலாம். நொடியில் வேறிடம் கொண்டுசெல்லும் டைமென்ஷன் டோருக்கு வாய்ச்சொல் மட்டுமே போதும், நான்காம் நிலை மந்திரம், ஆகவே இலக்கு எண் 24. அனுபவமுள்ள விஸார்டுகள் அந்த மந்திரத்தைக் கையோடு வைத்திருப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இவ்வளவும் ஹேண்ட்புக்கிலேயே இருக்கிறது. ஆனால் போர் விதிகள் ஓரிடத்தில், கான்சன்ட்ரேஷன் திறன்களின் அத்தியாயத்தில், மந்திரத்தின் கூறுகள் மந்திரப் பட்டியலில் என்று மூன்று இடங்களில் விரல் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். காம்பெண்டியத்தில் தலைப்பைத் தெரிந்துகொண்டால் அகரவரிசையில் நேரே போய்விடலாம். மந்திரங்களின் விவரம் அதில் இல்லை என்பதால் ஹேண்ட்புக் மேசையில் இருந்தே ஆக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு குழுவுக்கு ஒரு பிரதி போதும், அது டிஎம்மிடம் இருக்கட்டும். ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் வாங்க வேண்டிய புத்தகம் இது அல்ல.


மூலநூல் எழுதியது:

கோட்டைமதில் அவர்கள் கிராப்பிளை விளக்கிய விதம் மிகச் சரியானது, அதில் எனக்கு மறுப்பே இல்லை. என் மறுப்பு வேறிடத்தில் இருக்கிறது. இந்தப் புத்தகத்தை வாங்கினால் தகராறு தீரும் என்ற எதிர்பார்ப்போடு ஒருவர் பணம் செலவழிப்பதற்கு முன், இதன் சொல் மற்ற புத்தகங்களின் சொல்லைவிட மேலானதா என்ற கேள்விக்கு இன்றுவரை எல்லோரும் ஒப்பும் விடை இல்லை என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும்.

நிறுவனம் 3.5 பதிப்புக்கு வெளியிட்ட அதிகாரபூர்வப் பிழைதிருத்தக் கோப்புகளில் முதன்மை மூலம் பற்றிய விதி ஒன்று உண்டு. இரண்டு நூல்கள் முரண்பட்டால், பிழைதிருத்தம் வேறு எதையும் சொல்லாத வரையில், முதன்மை மூலம் எதுவோ அதுவே சரி என்பது அந்த விதி. ஆட்டத்தை ஆடும் முறைக்கும் பாத்திர உருவாக்கத்துக்கும் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் முதன்மை; மாயப்பொருட்கள் போன்றவற்றுக்கு டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு; அரக்கர்களுக்கு மான்ஸ்டர் மேனுவல். அட்டவணையும் உரைநடையும் முரண்பட்டால் உரைநடையே செல்லும் என்பதும் அங்கேதான் சொல்லப்பட்டிருக்கிறது. காம்பெண்டியமோ தன் முன்னுரையில், முந்தைய அடிப்படைப் புத்தகமோ துணைநூலோ இதிலுள்ள விதிகளிலிருந்து மாறுபட்டால் இந்த நூலே முந்தும் என்று தன்னைத்தானே அறிவித்துக்கொள்கிறது. ஒரு நூல் தனக்கே பட்டம் சூட்டிக்கொண்டால் அது செல்லுமா என்று கேட்பவர்களுக்கு நியாயமான காரணம் உண்டு, ஏனெனில் முன்னே இருந்த விதி பிழைதிருத்தக் கோப்புக்குத்தான் அந்த அதிகாரத்தைக் கொடுத்திருந்தது, காம்பெண்டியம் பிழைதிருத்தக் கோப்பு அல்ல.

ஆகவே கேள்வி கேட்ட நண்பரின் விஸார்ட், ‘குவிக்கன் ஸ்பெல்லுக்கு முதன்மை மூலம் ஹேண்ட்புக், அங்கே ஃப்ரீ ஆக்‌ஷன் என்றிருக்கிறது’ என்று சொன்னால், காம்பெண்டியத்தை விரித்துக் காட்டுவதால் மட்டும் அந்த வாதம் தோற்றுவிடாது. அவர் கம்ப்ளீட் ஆர்கேனை ஏற்காததற்குச் சொன்ன அதே காரணத்தை இதற்கும் சொல்லலாம்.

இன்னொன்றும் உண்டு. நான்காம் பதிப்பு வரப்போகிறது என்ற அறிவிப்பு 2007 ஆகஸ்டில் வந்துவிட்டது. காம்பெண்டியம் அதற்கு இரண்டு மாதம் கழித்து வந்தது. 2008 ஜூனில் நான்காம் பதிப்பும் வந்துவிட்டது. ஒரு விதிநூல் வெளிவந்த பிறகு ஆட்டக்காரர்கள் கேள்வி கேட்டு, நிறுவனம் விடை சொல்லி, அடுத்த அச்சில் திருத்தி, இப்படித்தான் அது பக்குவப்படும். அந்தக் காலம் இந்த நூலுக்கு வாய்க்கவில்லை. பிறகு 2012இல் 3.5 பதிப்பின் மூன்று அடிப்படைப் புத்தகங்களைப் பிழைதிருத்தங்களைச் சேர்த்துச் சிறப்பு அச்சாக வெளியிட்டார்கள். ஸ்பெல் காம்பெண்டியமும் மேஜிக் ஐட்டம் காம்பெண்டியமும்கூடப் பின்னர் அதே வரிசையில் வந்தன. ரூல்ஸ் காம்பெண்டியத்துக்கு அந்த மறுபதிப்பு கிடைக்கவில்லை.

என் யோசனை இதுதான். நண்பரிடம் இருப்பது பழைய அச்சு ஹேண்ட்புக் என்றால், பிழைதிருத்தக் கோப்பை எடுத்து அதில் பென்சிலால் திருத்தங்களைக் குறித்துக்கொள்ளட்டும். அதற்குச் செலவே இல்லை, அதன் அதிகாரத்தையும் எவரும் கேள்வி கேட்க முடியாது.


நிலவறைவாசி எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஃபைட்டர் உண்மையிலேயே ஜயன்டின் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவருக்கு அந்த வாய்ப்பு இருந்தது என்பதை அடுத்த ஆட்டத்தின் தொடக்கத்தில் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன்.

மூலநூல் அவர்களின் கருத்து என்னை யோசிக்க வைக்கிறது. எங்கள் விஸார்ட் நண்பர் சட்டப்படிப்பு படித்தவர்; முதன்மை மூலம் என்ற விதியை அவர் ஏற்கெனவே எடுத்துச் சொல்லியிருக்கிறார். அவர் தன் பாத்திரத்துக்குச் சாதகமாக மட்டும் வாதாடுபவர் அல்ல, எந்த விதியாக இருந்தாலும் அதற்கு அடிப்படை வேண்டும் என்று நினைப்பவர். அவரிடம் ஒரு புத்தகத்தைக் காட்டி ‘இதுவே முடிவு’ என்று சொல்ல எனக்கு எந்த அடிப்படை இருக்கிறது?


கோட்டைமதில் எழுதியது:

மூலநூல் அவர்கள் எடுத்துக்காட்டிய முதன்மை மூல விதியை நானும் மதிக்கிறேன். ஆனால் அந்த விதி எதற்காக எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். ஹேண்ட்புக் ஒன்றைச் சொல்லி, மான்ஸ்டர் மேனுவல் போகிறபோக்கில் அதையே வேறு மாதிரி சொல்லியிருந்தால், இரண்டு நூல்களில் எதுவும் மற்றதைத் திருத்தும் நோக்கத்தோடு எழுதப்படாத நிலையில், எதை நம்புவது என்பதற்கு வழிகாட்டுவதே அதன் வேலை. திருத்தும் நோக்கத்தோடு, அதை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு, அதே நிறுவனம் நான்கு ஆண்டுகளுக்குப் பின் வெளியிட்ட நூல் அந்த விதிக்குள் அடங்காது என்பது என் வாசிப்பு. பிந்தி வந்த சட்டம் முந்தியதைக் குறிப்பிட்டு மாற்றினால் பிந்தியதே செல்லும் என்பதை உங்கள் நண்பர் தன் படிப்பிலேயே அறிந்திருப்பார்.

கம்ப்ளீட் ஆர்கேனையும் இதையும் ஒரே தட்டில் வைக்க முடியாததும் இதனால்தான். கம்ப்ளீட் ஆர்கேன் மந்திரவாதிகளுக்கான துணைநூல், தன் தேவைக்காக ஒரு விதியை எடுத்துச் சொன்னது. காம்பெண்டியத்தின் வேலையே விதிகளை ஒழுங்குபடுத்துவதுதான்.

நூல் பக்குவப்படக் காலம் கிடைக்கவில்லை என்பது உண்மை, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதே காலவரிசைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்தப் பதிப்பின் துணைநூல்களில் பெரும்பாலானவை வெளிவந்து முடிந்த நிலையில் எழுதப்பட்டது என்பதால், நான்கு ஆண்டுகளில் என்னென்ன குழப்பங்கள் எழுந்தன என்பது எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2003இல் இருந்து பார்த்தால் தெரிந்திருக்காது.

இந்த ஆட்டத்துக்கு விளக்கம் தேவைப்படுவது புதிதும் அல்ல. முதல் விதிநூல்கள் 1974இல் வந்தன. 1975 கோடையிலேயே தி ஸ்ட்ராட்டஜிக் ரிவ்யூ இதழில், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கு, ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் விடை எழுத வேண்டியிருந்தது. பிறகு டிராகன் இதழின் ஸேஜ் அட்வைஸ் பகுதி அந்த வேலையைப் பல ஆண்டுகள் செய்தது. ஸ்கிப் வில்லியம்ஸ் நெடுங்காலம் அதில் விடை சொன்னார். விளக்கங்கள் இதழ்களிலும் இணையத்திலும் சிதறிக் கிடந்த அந்த மரபுக்குள் வைத்துப் பார்த்தால், எல்லாவற்றையும் ஒரு கட்டுக்குள் கொண்டுவந்த நூலின் மதிப்பு தெரியும்.

ஆனால் எந்த நூலும் ஒரு மேசையின் மேல் தானாக அதிகாரம் செலுத்தாது, இதில் மூலநூல் அவர்களோடு நான் முழுக்க உடன்படுகிறேன். புத்தகம் வந்த பிறகு விவாதத்தின் நடுவே அதை விரித்துக் காட்டாதீர்கள். வாங்குவதற்கு முன்பே குழுவைக் கூட்டி, ‘விதிகளில் முரண்பாடு வந்தால் காம்பெண்டியத்தின்படி நடப்போம், அதில் இல்லாததற்கு ஹேண்ட்புக்’ என்று ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். குறிப்பிட்ட வழக்கு எதுவும் நிலுவையில் இல்லாத நேரத்தில் கேட்டால் எல்லோரும் ஒப்புவார்கள். ஒப்பாவிட்டால் புத்தகத்தை வாங்க வேண்டாம், அது உங்கள் அலமாரியில் சும்மா கிடக்கும்.


மூலநூல் எழுதியது:

குழு முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் என் மறுப்புக்கு இடமில்லை. அப்போது அந்த நூலுக்கு அதிகாரம் தருவது அதன் முன்னுரை அல்ல, ஆடுபவர்களின் சம்மதம். அந்த நிபந்தனையோடு வாங்குவதை நானும் எதிர்க்கவில்லை.

புதிதாக ஆட வருபவரின் கையில் மட்டும் இதைக் கொடுத்துவிடாதீர்கள். இது விதி தெரிந்தவர் சரிபார்ப்பதற்கான நூல். ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள ஹேண்ட்புக்கின் விளக்கங்களே ஏற்றவை.


பகடையோசை எழுதியது:

பெரியவர்கள் இருவரும் அதிகாரத்தைப் பற்றிப் பேசிவிட்டார்கள். நான் வாங்கும் நடைமுறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. ரூல்ஸ் காம்பெண்டியம் என்ற இதே பெயரில் நான்காம் பதிப்புக்கும் ஒரு புத்தகம் 2010இல் வந்தது. அது மென்னட்டையில், அளவில் சிறியது. 2007ஆம் ஆண்டுப் புத்தகம் வழக்கமான பெரிய அளவில் கெட்டி அட்டை. பழைய புத்தக விற்பனைத் தளங்களில் இரண்டும் ஒரே தலைப்பில் கலந்து கிடக்கின்றன. சில விற்பனையாளர்கள் ஒன்றின் படத்தைப் போட்டு மற்றதை அனுப்பிவிடுகிறார்கள். பணம் கட்டுவதற்கு முன் ஆண்டையும் அட்டையின் படத்தையும் கேட்டுச் சரிபாருங்கள். நான்காம் பதிப்பின் விதிகள் அடியோடு வேறு, உங்களுக்கு ஒரு வரிகூடப் பயன்படாது.

இரண்டாவதாக, பழைய பதிப்பு நூல்களை மின்நூலாக விற்கும் அதிகாரபூர்வத் தளத்தில் இது கிடைக்கிறது. தபால் செலவு இல்லை, தேடுவசதி உண்டு. அகரவரிசையில் அடுக்கிய நூலைக் கையில் வைத்துப் புரட்டுவதில் ஒரு வேகம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வெளிவந்தபோது 29.95 டாலர் விலையிட்டிருந்த புத்தகத்துக்குப் பழைய பிரதியின் விலை, தபால், சுங்கம் என்று மூன்றையும் சேர்த்துக் கொடுப்பதற்கு முன் மின்நூலைப் பார்த்துவிடுவது நல்லது.

மூன்றாவதாக, இலவசமாகக் கிடைப்பவை. 3.5 பதிப்பின் எஸ்ஆர்டி (யாரும் பயன்படுத்த அனுமதித்த அடிப்படை விதித் தொகுப்பு) சட்டப்படியே இணையத்தில் முழுமையாக உள்ளது. கிராப்பிள், மறைவு, கவர் (அரண்), நகர்வு என்று போர் விதிகளெல்லாம் அதில் உண்டு. பாத்திரத்தின் திறன் எண்களை உருவாக்குவதும் அனுபவப் புள்ளிகளும் அதில் இல்லை, ஆனால் ஏற்கெனவே ஹேண்ட்புக் வைத்திருப்பவருக்கு அது குறை ஆகாது. ஸ்கிப் வில்லியம்ஸ் நிறுவனத்தின் இணையதளத்தில் ரூல்ஸ் ஆஃப் த கேம் என்ற தலைப்பில் தொடர்கட்டுரைகள் எழுதினார். அட்டாக் ஆஃப் ஆப்பர்சூனிட்டி, கிராப்பிள் ஆகியவற்றுக்கெல்லாம் பல பகுதிகளாக விளக்கம் தந்திருக்கிறார். தளத்தில் அந்தப் பக்கங்கள் இப்போது இல்லை, இணையக் காப்பகத்தில் தேடிப் படிக்கலாம். ஒரு விதி ஏன் அப்படி இருக்கிறது என்று புரிந்துகொள்ள காம்பெண்டியத்தைவிட அவை மேல் என்பேன். காம்பெண்டியம் விதியைச் சொல்லும். ஓரங்களில் உள்ள பெட்டிச்செய்திகளில் வடிவமைப்பாளர்கள் தங்கள் அனுபவங்களை எழுதியிருக்கிறார்கள், படிக்கச் சுவையானவை, ஆனால் விதியை விளக்கும் கட்டுரைகளுக்கு அவை ஈடாகாது.

நிறுவனம் இலவசமாகத் தந்த கேள்விபதில் கோப்பைக் கொஞ்சம் கவனமாகக் கையாளுங்கள். அதிலுள்ள சில விடைகள் அச்சிட்ட விதியோடு ஒத்துப்போகவில்லை என்பது நெடுநாள் குறை.

ஐந்தாம் பதிப்பு ஆடுபவர்கள் யாராவது இந்தத் திரியைப் படித்தால், அவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது என்பதையும் குறிப்பிட வேண்டும். அங்கே ஸேஜ் அட்வைஸ் காம்பெண்டியம் என்ற விளக்கத் தொகுப்பை நிறுவனம் இலவசமாகவே வெளியிடுகிறது. 3.5 ஆடுபவர்களுக்கும் அப்படி ஒன்று கிடைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விளக்கம் என்பது ஏற்கெனவே விற்ற பொருளின் குறையைச் சரிசெய்வது. அதற்குத் தனி விலை வைப்பது வாங்கியவர்களுக்கு நியாயம் செய்வதாகாது.


கோட்டைமதில் எழுதியது:

கடைசியில் சொன்னதோடு நான் முழுமையாக உடன்படவில்லை. தவறாக அச்சான வரியைத் திருத்துவதற்கு விலை வைத்தால் அது அநியாயம்தான். அந்தத் திருத்தங்களை நிறுவனம் இலவசமாகவே கொடுத்தது. பல நூல்களின் விதிகளைச் சேர்த்து, ஒப்பிட்டு, புதிதாக எழுதி, பதிப்பித்துத் தருவது தனி உழைப்பு. அதற்கு விலை வைப்பதில் பிழை காண மாட்டேன். மற்றபடி மின்நூலை முதலில் பார்க்கலாம் என்ற யோசனை நல்ல யோசனை.


நிலவறைவாசி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. எழுதுவதற்குத் தாமதமானதற்குக் காரணம், முதலில் குழுவிடம் பேசிவிட வேண்டும் என்று காத்திருந்தேன். கோட்டைமதில் அவர்கள் சொன்னபடியே, ஆட்டம் தொடங்குவதற்கு முன் காம்பெண்டியத்தை முடிவுச்சொல்லாக ஏற்கலாமா என்று கேட்டேன். விஸார்ட் நண்பர் முதன்மை மூல விதியை எடுத்து வைத்தார். பிந்திய நூல் வெளிப்படையாகத் திருத்துகிறது என்ற பதிலைச் சொன்னதும் சற்று நேரம் யோசித்துவிட்டு, வாதமாக அது முழுமையானது அல்ல என்றாலும் குழுவின் உடன்பாடாக ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். ஒரு நிபந்தனையும் வைத்தார். நடந்துகொண்டிருக்கும் சாகசம் முடியும்வரை குவிக்கன் ஃப்ரீ ஆக்‌ஷனாகவே இருக்கட்டும், பாத்திரத்தை அந்த நம்பிக்கையில்தான் வளர்த்தேன், அடுத்த சாகசத்திலிருந்து ஸ்விஃப்ட் என்று வைத்துக்கொள்வோம் என்றார். அது நியாயமாகவே பட்டது, எல்லோரும் ஒப்புக்கொண்டோம். குவிக்கன் செய்ய நான்கு நிலை உயர்ந்த மந்திர இடத்தைச் செலவழிக்க வேண்டியிருப்பதால், அவர் அதற்காக விட்டுக்கொடுத்தவையும் கொஞ்சநஞ்சம் அல்ல. அடுத்த சாகசத்துக்கு முன் அந்த ஃபீட்டை (சிறப்புத் திறனை) மாற்றிக்கொள்ள விரும்பினால் அனுமதிப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

மின்நூலை வாங்கிவிட்டேன். ஆக்‌ஷன் வகைகளைப் பற்றிய பகுதியை அச்செடுத்து மேசையில் வைக்கப்போகிறேன். கிராப்பிளுக்கு, கோட்டைமதில் அவர்கள் மேலே எழுதிய படிகளையே அரைப்பக்கத் தாளாகத் தட்டச்சு செய்து டிஎம் திரையின் உட்புறத்தில் ஒட்டியாயிற்று. அதை அப்படியே எடுத்துக்கொண்டதற்கு அவர் ஆட்சேபிக்க மாட்டார் என்று நம்புகிறேன். அச்சுப் பிரதியை இப்போதைக்கு வாங்கவில்லை. 2007ஆம் ஆண்டுப் பிரதி நல்ல நிலையில், நியாயமான விலையில் யாரிடமாவது இருந்தால் இங்கேயே தெரிவியுங்கள்.